நாலு கிக்கில் பிடிக்கிற பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

ஜனவரி 7 – வந்த கேள்வி

நீண்ட காலம் ஓடாமல் நின்றிருந்த 1974 யமஹா டிடி 250 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழுவி, புது பிளக் மாட்டி, புது பெட்ரோல் ஊற்றினேன். நாலு கிக்கில் பிடித்துக்கொண்டது. கம்ப்ரஷனும் காலுக்கு நன்றாகத் தெரிகிறது. அதனால் இன்ஜினைத் தொடாமல் ஃபிரேமுக்குப் பெயின்ட், டேங்க், சீட், வீல் என்று மேல்வேலையை மட்டும் வீட்டிலேயே முடித்துவிட்டு ஓட்டலாம் என்றிருக்கிறேன். ஓடுகிற இன்ஜினைப் பிரிப்பது வீண் வேலைதானே?

ஜனவரி 7, இரவு

இப்போதைக்கு ஓட்டாதீர்கள். பெயின்ட் டப்பாவையும் திறக்க வேண்டாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றும் அறை எண்ணெய் நிற்கிற இடம். அங்கே ஒரு சீல் கசிந்தால் தரையில் சொட்டும், துடைத்துக்கொள்ளலாம். டூ ஸ்ட்ரோக்கில் அந்த அறைதான் இன்ஜினின் துருத்தி. பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டர் வழியாகக் கலவையை இழுக்கிறது, கீழே வரும்போது அதை அழுத்தி டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக சிலிண்டருக்குத் தள்ளுகிறது. அந்தத் துருத்தியின் இரண்டு பக்கத்திலும் கிராங்கைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. பல ஆண்டு அசையாமல் நின்ற ரப்பர் இறுகி, உதடு தேய்ந்து, கிராங்கைத் தழுவாமல் நிற்கும்.

இடது பக்கம், அதாவது மேக்னெட் பக்கத்து சீல் விட்டால் வெளிக்காற்று உள்ளே வரும். பெட்ரோல் விகிதம் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து போரில், அதாவது தான் ஏறி இறங்கும் சிலிண்டர் துளையில், பிடித்துக்கொள்ளும். வலது பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் விட்டால் கியர் ஆயிலை இன்ஜின் குடிக்கும். வெள்ளைப் புகை விடாமல் வரும், கியர் ஆயில் மட்டம் இறங்கும். இரண்டு சீலும் பாதி போன நிலையிலும் வண்டி நாலு கிக்கில் பிடிக்கும். கிக் அடிக்கும்போது தெரிகிற கம்ப்ரஷன் பிஸ்டனுக்கு மேலே இருப்பது. கீழே இருக்கிற அறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஜனவரி 8

பிரித்துத்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, முதலில் காற்று அடித்துப் பாருங்கள்.

சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட்டை ரப்பர் அடைப்பான் வைத்து இறுக்குங்கள். கார்புரேட்டரைக் கழற்றி அந்த ரப்பர் மேனிஃபோல்டில் இன்னொரு அடைப்பான். அதில் சைக்கிள் ட்யூப் வால்வு ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். ஆட்டோலூப் (தனித் தொட்டியிலிருந்து இன்ஜினுக்கு ஆயில் அனுப்பும் பம்ப்) ஆயில் குழாய் வந்து சேரும் துளையை மறக்காமல் அடைக்க வேண்டும். பிஸ்டனைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்தால் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து மேல் கீழ் இரண்டும் ஒரே அறையாகிவிடும். கைப்பம்பால் 6 பி.எஸ்.ஐ. (டயரில் காற்றழுத்தம் அளக்கும் அதே அலகு) வரை ஏற்றிவிட்டு மீட்டரைப் பாருங்கள். நல்ல இன்ஜினில் முள் சில நிமிடங்கள் அசையாமல் நிற்கும். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் கசிவு தேட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நான் அதைவிடக் கறாராக இருப்பேன். புது சீல் போட்ட இன்ஜினில் முள் இறங்குவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். சிலிண்டர் அடி பேக்கிங், ஹெட், ரீட் பிளாக் (கலவை நுழையும் வழியில் இருக்கும் வால்வுக் கட்டை) ஒட்டுமிடம், மேக்னெட் கவருக்கு உள்ளே கிராங்க் முனை என்று வரிசையாகப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கம்ப்ரஸர் குழாயை நேராக வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

ஜனவரி 8, சற்று நேரம் கழித்து

எக்ஸாஸ்ட் பக்கமிருந்து காற்று அடித்தால் போதாதா என்று வேறொரு நண்பர் கேட்டார். உங்களுடையது ரீட் வால்வு இன்ஜின். ரீட் ஒருவழிக் கதவு. எக்ஸாஸ்டிலிருந்து ஏற்றினால் காற்று ரீடிலேயே நின்றுவிடும், அதற்கு வெளியே இருக்கிற மேனிஃபோல்டு ரப்பர் சோதனைக்கே வராது. பழைய வண்டிகளில் அதிகம் வெடித்திருப்பது அந்த ரப்பர்தான். அதனால்தான் இன்டேக் பக்கமிருந்து அடிக்கச் சொன்னேன்.

முடிந்தால் அதே அடைப்பான்களை வைத்து உறிஞ்சியும் பாருங்கள். சீல் அழுத்தத்தையும் உறிஞ்சலையும் மாறி மாறித் தாங்க வேண்டிய பொருள். அழுத்தத்தில் பிடித்து நிற்கிற உதடு உறிஞ்சலில் விட்டுக்கொடுப்பது உண்டு.

ஜனவரி 11

குமிழி மேக்னெட் பக்கம் கொத்தாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பல இன்ஜின்களில் மேக்னெட் பக்கத்து சீலை கேஸைப் (கிராங்கை மூடியிருக்கும் உலோகக் கூட்டை) பிரிக்காமலே மாற்றலாம். மேக்னெட்டையும் காயில் தட்டையும் எடுத்தால் சீல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு சீல் இறுகிப்போன வண்டியில் மற்றதும் அதே வயதுதான். கிளட்ச் பக்கத்து சீலுக்குக் கேஸைப் பிரித்தே ஆக வேண்டுமா என்பதை சர்வீஸ் மேனுவல் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மேல் கீழாக ஒரு பொடி ஆட்டம் தெரிந்தால்கூட பிக் எண்ட் பேரிங் (ராட் கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்) போய்விட்டது, பிரிப்பதைத் தவிர வழியில்லை.

மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவது வேண்டவே வேண்டாம். அதற்கென்று புல்லர் இருக்கிறது. அதில் இடதுபுற த்ரெட் கொண்டதும் உண்டு என்பதால் முறுக்கும் முன் பாருங்கள். தட்டினால் காந்தம் பலவீனப்படும், கிராங்க் வளையும்.

ஜனவரி 12

ஸ்க்ரூ பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் வண்டி பிரிப்பவர்கள் பெரும்பாலும் சலித்துப்போய் நிறுத்துகிற இடம் இது.

ஜப்பான் வண்டிகளின் இன்ஜின் கவரில் இருக்கிற பிளஸ் தலை ஸ்க்ரூ, பார்ப்பதற்கு பிலிப்ஸ் மாதிரி இருந்தாலும் பிலிப்ஸ் இல்லை. அது ஜிஸ் எனப்படும் ஜப்பானியத் தர அளவு. பிலிப்ஸ் முனையின் வளைவு வேறு என்பதால் அது குழியின் அடிவரை போய் உட்காராது; பலம் கொடுத்தவுடன் எகிறி, தலையை மழுக்கிவிடும். ஜிஸ் ஸ்க்ரூ பலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளிக்குழி இருக்கும், அதுதான் அடையாளம். ஜிஸ் முனை உள்ள டிரைவர் ஒரு செட் வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் நான் முதலில் வாங்கச் சொல்வது டார்க் ரெஞ்ச்கூட இல்லை, இதைத்தான்.

முறை இதுதான்: முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் டிரைவரை வைத்து நேராக ஒரு சுத்தியல் அடி, திருப்பாமல். உள்ளே த்ரெட்டைப் பிடித்திருக்கிற துரு அந்த அதிர்வில் உடையும். பிறகு கை இம்பேக்ட் டிரைவர். அதற்கும் மசியாவிட்டால் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும், பிடி தளரும்.

கழற்றிய ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும். கவரின் படத்தை அட்டையில் வரைந்து அதே இடத்தில் குத்தி வைத்தால், பொருத்தும்போது நீள ஸ்க்ரூ குட்டைத் துளைக்குள் போய்க் கேஸை உடைக்காது.

ஜனவரி 14

கேஸைப் பிரிக்கும்போது இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள். அந்த ஒட்டுமுகத்தில் விழும் ஒரு கீறல், முதல் நாள் பேசிய அதே காற்றுக்கசிவைப் புதிதாக உண்டாக்கும். கேஸ் பிரிப்பான் கருவி, கொஞ்சம் சூடு, பொறுமை, இவ்வளவுதான் தேவை. பேரிங்கை அடித்து இறக்க வேண்டாம். கேஸை 100 டிகிரி செல்சியஸ் அளவில் சீராகச் சூடாக்கினால் பல சமயம் தானாகவே விழும். புது பேரிங்கை ஃபிரீசரில் வைத்துவிட்டுச் சூடான கேஸில் போட்டால் சத்தமில்லாமல் உட்காரும். அந்தத் தருணம் எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி தருகிறது.

ஜனவரி 19

போர் தேய்மானம் பற்றி. வார்ப்பிரும்பு லைனர் உள்ள சிலிண்டர் என்பது நல்ல செய்தி. 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று பெரிய பிஸ்டன்கள் படிப்படியாகக் கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு அந்தப் பிஸ்டனையே லேத் பட்டறையில் கொடுத்து அதன் அளவுக்குப் போர் போடச் சொல்லுங்கள். அட்டையில் அச்சிட்ட அளவை நம்பிப் போர் போடக் கூடாது.

போர் போட்டு வந்ததும் போர்ட்டின் விளிம்புகளை விரலால் தடவுங்கள். கத்தி மாதிரி இருந்தால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது நீங்களே மெல்லிய அரத்தால் மழுக்குங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வேலை மட்டும் பார்க்கிற பட்டறைகளில் இது விட்டுப்போகும், ஏனென்றால் அந்தச் சிலிண்டரில் போர்ட்டே கிடையாது. என் சிலிண்டர் ஒன்று அப்படித்தான் விளிம்பு மழுக்காமல் வந்தது. அப்படியே பொருத்தினால் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்த விளிம்பில் மாட்டும், கொஞ்ச நாளில் உடையும்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட்டைப் பார்க்க வேண்டும். ரிங் வாய், பள்ளத்தில் இருக்கும் குட்டி ஊசிக்கு நேராக வர வேண்டும். பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் லாக்குகள் எப்போதும் புதிது. கழற்றின லாக்கை மறுபடி போட்டு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை, அது கழன்றால் சிலிண்டர் முழுவதும் போய்விடும். ரிங்கைப் போருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்து பாருங்கள். இந்த அளவு இன்ஜினில் பொதுவாக 0.2 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும்.

ஜனவரி 26

ஆட்டோலூப் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்துகொள்ளுங்கள் என்று இங்கே இருவர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. பம்ப் நின்றால் இன்ஜின் போய்விடும். ஆனாலும் நான் பம்ப்பை வைத்துக்கொள்ளும் கட்சி.

யமஹா 1964இல் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருக்கிறது. பம்ப், இன்ஜினின் வேகத்தையும் ஆக்சிலேட்டர் திறப்பையும் பார்த்து ஆயில் அனுப்புகிறது. கலந்த பெட்ரோலில் ஐடிலிங்கிலும் முழு வேகத்திலும் விகிதம் ஒன்றே. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு இறங்கும்போது கலந்த பெட்ரோலில் ஓடும் இன்ஜினுக்குப் பெட்ரோலும் கிடைக்காது, அதோடு வர வேண்டிய ஆயிலும் கிடைக்காது. பம்ப் உள்ள வண்டியில் கிராங்க் சுற்றும்வரை ஏதோ ஒரு அளவு வந்துகொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது, மேனுவல் சொல்லும் பம்பின் குறைந்தபட்ச ஸ்ட்ரோக்கை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) சரிபார்ப்பது, பழைய குழாய்களை மாற்றுவது, குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமல் காற்றை எடுப்பது. இன்ஜினை முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும், பம்ப் இருந்தாலும், டேங்கில் கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றுவேன். இரட்டைக் காப்பு.

ஜனவரி 27

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "பயமாக இருந்தால் ஆயிலைக் கூட்டிக் கலந்தால் போச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் கவனம் வேண்டும். 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 31 மில்லி; 20க்கு 1 என்றால் 50 மில்லி. ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) வழியாகப் போகிற திரவத்தின் அளவு அப்படியேதான் இருக்கும். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். எனவே ஆயிலைக் கூட்டுவது காற்று–பெட்ரோல் கணக்கில் கலவையை லீன் (பெட்ரோல் குறைவு) ஆக்குகிறது, ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்குவதில்லை. விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 2

டேங்க் துரு. ஸ்டீல் டேங்க் என்றால் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து நிரப்பி, அவ்வப்போது பார்த்து, துரு விட்டதும் கொட்டி, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் கண்முன்னே மஞ்சள் துரு திரும்பப் பூக்கும். மின்பகுப்பு முறையும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மின்முனையாக வைக்கவே கூடாது, நச்சுத்தன்மை உள்ள குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும், திறந்த வெளியில் செய்யுங்கள்.

இதை எல்லா வண்டிக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். ஹோண்டாவின் 1973 எல்சினோர் சிஆர் 250 எம் வைத்திருக்கும் நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்: அதன் டேங்க் அலுமினியம், இன்ஜின் பக்கக் கவர்கள் மக்னீசியம். மக்னீசியத்தை அமிலத்தில் போட்டால் கரையும். அதன் பொடியில் தீப்பொறி பட்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

பிப்ரவரி 3

சைலன்சருக்குள் கார்பன் எடுக்கக் காஸ்டிக் சோடா கரைசல் பயன்படுத்தலாம், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. அலுமினியம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, தின்றுவிடும்.

டூ ஸ்ட்ரோக்கின் சைலன்சர் வெறும் புகைக்குழாய் இல்லை. அந்த வயிறு பெருத்த வடிவம், வெளியேறும் அலையைத் திருப்பி அனுப்பி, போர்ட் மூடும் முன் தப்பித்துப் போகிற புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுவதற்காக அளந்து செய்தது. பெரிய நசுங்கல் இருந்தால் எடுத்துவிடுங்கள். வெல்டிங் செய்யப் போகிறீர்கள் என்றால் அந்த இடத்தைக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள். சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும்.

பிப்ரவரி 15

பாயின்ட் (திறக்கும்போது பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் தொடுமுனை) இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. இக்னிஷன் டைமிங்கை இந்த வண்டிகளில் டிகிரியில் பார்ப்பதைவிட, பிஸ்டன் மேல்கோடிக்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னால் இருக்கும்போது பாயின்ட் திறக்கிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். பிளக் துளையில் டயல் கேஜ் நிறுத்திப் பாருங்கள். எண்ணை உங்கள் மாடலின் மேனுவலிலிருந்து எடுங்கள், பக்கத்து வண்டியின் எண்ணைக் கேட்டு வைக்க வேண்டாம். டைமிங் அதிகம் முந்தினால் நாக்கிங் வந்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

பிப்ரவரி 18

கார்புரேட்டர். ஜனவரியில் சொன்னதோடு இது சேர்ந்தது, யாரும் இணைத்துப் பேசுவதில்லை.

முன்னால் வைத்திருந்தவர் சீல் கசிவை அறியாமல், வண்டி லீனாக ஓடுகிறது என்று பெரிய ஜெட் போட்டிருக்கலாம். நீங்கள் கசிவை அடைத்தபின் அதே ஜெட் பெட்ரோலைக் கொட்டும், பிளக் கருத்து நனையும். அதனால் புது சீல் போட்ட இன்ஜினுக்கு முதலில் தொழிற்சாலை அளவு ஜெட்டுகள், நீடில் (ஸ்லைடில் தொங்கும் ஊசி) கிளிப் நடுப்பள்ளத்தில். அங்கிருந்து தொடங்குங்கள். துளைகளைக் கம்பியால் குத்திப் பெரிதாக்க வேண்டாம்.

ஆக்சிலேட்டர் கைப்பிடியில் டேப் ஒட்டிக் குறி போட்டுக்கொள்ளுங்கள். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட், கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு, முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தக் குறியில் இடறுகிறதோ அந்தப் பாகத்தை மட்டும் தொடுங்கள். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயரும், கலவை ரிச் ஆகும்.

மார்ச் 1

பவுடர் கோட்டிங் பற்றிக் கேட்டதற்கு ஜனவரியில் தனி மடலில் "செய்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தேன். நீங்கள் அனுப்பிய டேங்க் படத்தையும் ஃபிரேம் படத்தையும் பார்த்தபின் வேறு மாதிரி யோசிக்கிறேன்.

அந்த டேங்கில் இருப்பது முதல் பெயின்ட். முழங்கால் உரசிய இடம் மட்டும் மங்கியிருக்கிறது. 1968இல் யமஹாவின் டிடி 1 வந்தபோது, மண்பாதைக்கென்றே முதலிலிருந்து வடிவமைத்த, யாரும் வாங்கக்கூடிய ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி பலருக்கும் புதுமையாக இருந்தது. உங்கள் டிடி 250 அந்தக் குடும்பத்தின் நேர் வாரிசு; 70 மி.மீ. போர், 64 மி.மீ. ஸ்ட்ரோக், 246 சி.சி. எல்லாம் அதே. அதன் முதல் நிறத்தையும் ஸ்டிக்கரையும் ஒருமுறை சுரண்டிவிட்டால் பிறகு வருவது எவ்வளவு அழகாக இருந்தாலும் நகல்தான். டேங்கை மெல்ல பாலிஷ் செய்து விட்டுவிடலாம் என்பது இப்போது என் எண்ணம்.

ஃபிரேம் வேறு விஷயம். துரு ஏறிய ஃபிரேமைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் பவுடர் கோட்டிங் தடிமனானது, வெடிப்பை மறைக்கும், ஃபிரேம் எண்ணையும் பாதி நிரப்பிவிடும். ஸ்டியரிங் தலை, ஸ்விங் ஆர்ம் பிவட், ஃபுட் ரெஸ்ட் வெல்டிங் இவற்றை வெறும் உலோகமாகப் பார்த்து, வெடிப்பு இல்லை என்று உறுதியான பிறகு சாதாரண பெயின்ட் மெல்லிதாக அடியுங்கள். இன்ஜின் மவுன்ட்டில் எர்த் தொடும் இடத்தை மூடி வைக்க மறக்க வேண்டாம்.

மணல் பிளாஸ்டிங் செய்யும் இடத்துக்கு இன்ஜின் கேஸைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. துகள் ஏதாவது ஒரு ஆயில் துளையில் தங்கிவிடும்.

மார்ச் 3

பின்பக்கம் நவீன நீளமான சாக் அப்சார்பர் போடலாமா? 1973இல் பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றை சாக் ஏற்பாட்டை வைத்து யமஹா 250 சி.சி. உலக மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றது. ஓட்டியவர் ஸ்வீடனின் ஹாகன் ஆண்டர்சன். அதன்பின் பின்சக்கரம் எவ்வளவு தூரம் மேலே கீழே போகலாம் என்ற கணக்கே மாறிப்போனது. உங்கள் வண்டி அந்த மாற்றத்துக்கு முந்தைய வடிவம். நீளமான சாக் போட்டால் பின்பக்கம் உயர்ந்து, ஃபோர்க் சாய்வு செங்குத்தாகி, கைப்பிடி படபடக்கும், செயின் ஸ்விங் ஆர்மில் உரசும். அதே நீளத்தில் நல்ல புது சாக் போடுங்கள், ஃபோர்க்கில் சீலும் ஆயிலும் மாற்றுங்கள். அதற்கே வண்டி வேறு ஆளாகிவிடும்.

மார்ச் 8

ஸ்டார்ட் ஆனது என்ற செய்தியைப் படித்ததும் எனக்கே கிக் அடித்த மாதிரி இருந்தது! வாழ்த்துகள்.

வெள்ளைப் புகை பற்றிய கவலைக்கு: பொருத்தும்போது பூசிய எண்ணெயும் சைலன்சரில் தங்கியதும் எரிந்து தீரும்வரை வரும். சைலன்சர் நன்றாகச் சூடாகியும் நிற்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்தால்தான் கிளட்ச் பக்கத்து சீலைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் ஐடிலிங்கிலிருந்து கொஞ்சம் மேலே வைத்து, ஃபின் கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும் நிறுத்தி, முழுவதும் ஆறவிடுங்கள். இதைத் திரும்பச் செய்துவிட்டு, ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளைக் குறுக்குக்குறுக்காக டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் தளர்ந்திருக்கும். குளிர்ந்த இன்ஜினை முறுக்கிப் பிடிக்காதீர்கள். பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து நாலு மூலையிலும் பிடிக்கும்.

மார்ச் 9

விட்டுப்போன ஒன்று. வீல்களைப் புது ஸ்போக்ஸ் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். முதல் ஓட்டம் முடிந்து வண்டி வந்தவுடனே ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். டங் என்று ஒலிக்காமல் மழுங்கலாகக் கேட்பது தளர்ந்தது. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் இறுக்காமல், எதிர்ப்பக்கத்து ஸ்போக்ஸையும் சேர்த்துப் பார்த்து, ரிம் ஓட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டே போங்கள். இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகும் பாருங்கள், செயின் தொய்வோடு சேர்த்து.